கம்பி கட்டிய வாய்

அத்தியாயம் 11

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பெரியவளின் வீட்டில் கதை தலைகீழ். இங்கே ஒரு மனிதர் வாயைத் திறக்காமலேயே கெட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் விட்ட இடத்துக்கு வருவதற்கு முன், புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரியவள் என்பது அவளுக்குப் பிறந்த வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். அக்கா, தம்பி என்று இரண்டே பேர். இவள் பெரியவள், அவன் சின்னவன். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரி, சட்டைப் பொத்தான் தைத்து, பரீட்சைக்கு எழுப்பி விட்டது எல்லாம் இவள்தான். கல்யாணமான பிறகு புருஷனை நச்சரித்து அவனை லிஃப்ட் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் இவள்தான். இப்போது அவனுக்கு முப்பது வயது, ஒரு மனைவி, ஒரு கைக்குழந்தை.

புருஷனைத் தெருவே மெக்கானிக் என்றுதான் கூப்பிடும். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் வேலை. ஐந்து வாரங்களுக்கு முன்னால், ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மோட்டார் அறையில் சின்னவன். நிற்க வேண்டிய பெட்டி திடீரென்று மேலே கிளம்பியது. குறுக்கு இரும்பில் முகம் மோதி, தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. மருத்துவர் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டி, ஆறு வாரம் தாடை அசையக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கூரையில் ஏறுகிறவர் முதல் வேலையாக அங்கே இருக்கும் சிவப்பு ஸ்டாப் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் பெட்டி அசையாது. பெட்டி அசைந்திருக்கிறது. ஆகவே மெக்கானிக் அமுக்கவில்லை என்பது கம்பெனியின் முடிவு. கடிதமும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வீட்டுக்கே வருவார். நடந்ததை மெக்கானிக் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தவறு அவருடையது என்றால் உரிமச் சீட்டு ரத்து. அப்புறம் அவர் எந்த லிஃப்டையும் தொட முடியாது.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று விடிந்திருந்தது.

பெரியவள் எழுந்ததும் உறைபெட்டியைத் திறந்து, நேற்றே நறுக்கி வைத்த வாழைப்பழத் துண்டுகளை எடுத்தாள். ஐந்து வாரமாக இந்த வீட்டில் காலைச் சாப்பாடு என்றால் ஸ்மூத்திதான். முதல் வாரம் அவருக்கு மட்டும் பழத்தை அடித்துக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குத் தனியாகச் சமைத்தாள். வெங்காயம் வதங்குகிற வாசனைக்கு அவர் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டதைப் பன்னிரண்டு வயது மகள் பார்த்துவிட்டாள். மறுநாள் முதல் அப்பா குடிப்பதைத்தான் நானும் குடிப்பேன் என்று பிடிவாதம். அடுப்பு காலையில் எரிவது நின்றது.

மகளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் ரேடியோ. காரணம் சொல்லத் தேவையில்லை. அப்பாவின் வாய் கட்டப்பட்ட நாளிலிருந்து அவருடைய பங்கையும் சேர்த்து அவளே பேசினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கட்டிலருகே உட்கார்ந்து நாள் முழுக்க நடந்ததை ஒப்பிப்பாள். அவர் சிலேட்டில் எழுதும் பாதி வார்த்தையை வைத்தே மீதியை ஊகித்துவிடுவாள். அப்பா சொல்ல நினைப்பது எல்லாம் தனக்குத்தான் முதலில் தெரியும் என்று அவளுக்கு ஒரு பெருமை.

ஸ்மூத்தி செய்வதில் என்ன வித்தை இருக்கிறது என்று கேட்கக் கூடாது. கம்பி கட்டிய வாய்க்குச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கொய்யா ஆகாது, விதை கம்பியில் மாட்டும். நாரும் ஆகாது. முதலில் பால், தயிர். அப்புறம் கனிந்த பப்பாளி, ஊறிய ஓட்ஸ், ஒரு கரண்டி வேர்க்கடலை விழுது. உறைந்த வாழைத் துண்டுகளைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலில் போட்டால் பிளேடு சிக்கி மிக்ஸி நின்றுவிடும். அடித்ததை இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். அவர் அதை ஸ்ட்ராவில், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற சந்து வழியாக உறிஞ்சுவார். ஒரு டம்ளருக்கு அரை மணி நேரம். அப்படியும் எட்டு கிலோ இறங்கிவிட்டது.

பழம் சின்னவன் வாங்கி வருவது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. வேலைக்குப் போகும் வழியில் பையோடு வந்து, பப்பாளியைத் தோல் சீவி, விதை எடுத்துக் கொடுத்துவிட்டு, மிக்ஸி ஓடத் தொடங்கியதும் அத்தானைப் பார்க்க அறைக்குள் போய்விடுவான். அந்தச் சத்தம் எனக்கு ஆகாதுக்கா என்பான். பெரியவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது பொய்யா என்ன?

புருஷன்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. அதை மறைப்பானேன்? ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவர் ஒரு பட்டனை அமுக்க மறந்து முகத்தை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறாரே என்று அவள் மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள். இதைப் பற்றி அவள் கேட்ட இரண்டு தடவையும் அவர் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இன்று சின்னவன் முகம் வெளுத்திருந்தது. ராத்திரி குழந்தை தூங்கவிடவில்லை என்றான். பப்பாளியைச் சீவும்போது கத்தி இரண்டு தடவை நழுவியது. பெரியவளுக்கும் நாலு மணி நினைப்பில் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஜாரை எடுத்தவள் கைக்கு முதலில் அகப்பட்டதைப் போட்டாள். உறைந்த வாழைத் துண்டுகள்.

மேலே பாலையும் மற்றதையும் ஊற்றி மூடியை அழுத்தியபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. ரேடியோ வந்து மூடியின்மேல் கை வைத்துப் பிடித்துக்கொண்டாள். மிக்ஸி உறுமியது. சின்னவன் வழக்கம்போல அறைக்குள் போனான்.

அரை நிமிஷம் ஓடியிருக்கும். மிக்ஸி முனகி, ஒரு தட்டுத் தட்டி, நின்றுவிட்டது. அடுப்படிக்கும் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

“...பட்டனை நான் அமுக்கலன்னு எழுதிடறேன் மாப்ள. நீ வாயத் திறக்காத.”

பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல். மழுங்கலாக, காற்றும் எச்சிலும் கலந்து வந்தது. ஆனாலும் பதினான்கு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது யார் குரல் என்று தெரியாதா?

ரேடியோ அந்த நேரம் பார்த்து ஜாரைத் தூக்கி உள்ளே என்ன சிக்கியது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை. அறைக்குள் குரல் சட்டென்று அடங்கியது.

பெரியவள் மிக்ஸியைக் கவிழ்த்து, அடியிலிருக்கும் சின்னப் பட்டனை அழுத்தினாள். ஜாரை மறுபடி பொருத்தி ஓடவிட்டாள். நிற்காமல் ஓடவிட்டாள். எல்லாம் அரைந்து தண்ணீராகப் போன பிறகும் அவள் கை விசையிலேயே இருந்தது. அவர்கள் பேசி முடிக்கட்டும், தான் கேட்டது அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான் அப்போது அவளுக்குத் தோன்றிய ஒரே எண்ணம். “அம்மா, போதும்மா” என்று ரேடியோ அவள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினாள்.

பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் காதுக்கும் மூக்குக்கும் தகுந்தபடி சட்டத்தை வளைத்துக் கொடுப்பாள். அன்று காலை ஒரு பெரியவரின் கண்ணாடியை மூன்று தடவை கழற்றி மாட்டியும் ஒரு பக்கம் தூக்கியே நின்றது. உடம்பு சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு மதியத்தோடு கிளம்பினாள்.

ஐந்து வாரம். மிக்ஸி ஓடுகிற அந்த இரண்டு நிமிஷத்தில் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். அவள் கையால் போட்ட சத்தத்துக்குள்ளேயே ஒளிந்துகொண்டு பேசியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்பார்கள். இவர்கள் ஸ்மூத்தியில் மறைத்திருந்தார்கள்.

சின்னவனை விசாரணை முடியும்வரை லிஃப்ட் பக்கம் விடாமல், கம்பெனிக் கிடங்கில் சாமான் துடைக்க வைத்திருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த எண்ணெய்த் துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தான். கிடங்கின் பின்புறப் படிக்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“அவர் பட்டனை அமுக்கினாரா இல்லையாடா?”

சின்னவன் ஆடு திருடினவன் மாதிரி விழித்தான். அப்புறம் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்படியே ஒவ்வொன்றாகச் சொன்னான்.

லிஃப்டில் ஒரு பழுதைத் தேடும்போது, மோட்டார் அறையில் இருக்கிற ஆள் சில இடங்களில் துண்டு ஒயர் போட்டு இணைத்துப் பார்ப்பது உண்டு. அந்தத் துண்டு ஒயர் மாட்டியிருக்கும்வரை, கீழே ஸ்டாப் பட்டனை அமுக்கினாலும் பெட்டி கேட்காது. அதனால் மெக்கானிக் தன் ஆட்களுக்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார். சிவப்புத் துண்டு ஒயர் நாலே நாலுதான் பையில் இருக்கும். கூரையில் ஏறுவதற்கு முன் நாலும் திரும்பி வந்ததா என்று கேட்பார். வந்துவிட்டது என்ற பதில் வந்தால்தான் காலை எடுத்து வைப்பார்.

அன்றைக்கும் கேட்டார். சின்னவன் பையைத் திறந்து பார்க்காமலே வந்துவிட்டது என்றான். பையில் மூன்றுதான் இருந்தது.

“சத்தம் கேட்டதும் மொதல்ல அதைத்தான் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டேன்க்கா. அப்புறம்தான் அத்தானைப் பாக்க ஓடினேன்.” எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். “எந்த வரிசையில செஞ்சேன் பாரு. அதை நெனச்சா எனக்குத் தூக்கம் வரல.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாவது நாளே அத்தானிடம் சொல்லி அழுதுவிட்டானாம். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பட்டனை அமுக்கிய பிறகும் பெட்டி கிளம்பினால் அதற்கு வேறு காரணமே இல்லை என்று எந்த லிஃப்ட்காரனுக்கும் தெரியும். குழந்தைக்காரன் நீ, வேலை போனால் நடுத்தெருவில் நிற்பாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர்தான் சொன்னாராம். அவரை ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று இவன் நம்பியிருந்தானாம்.

உரிமச் சீட்டு ரத்தாகும் என்ற கடிதத்தைப் பற்றி இவனிடம் அவர் மூச்சுவிடவில்லை. பெரியவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். கேட்டதும் எழுந்து நின்றான், மறுபடி உட்கார்ந்தான்.

அவளுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

“நாலு மணிக்கு வீட்டுக்கு வா. அந்த அதிகாரிகிட்ட நீயே சொல்லு. நீ வரலைன்னா நான் சொல்லிடுவேன்டா. சத்தியமா சொல்லிடுவேன்.”

அவன் தலையாட்டினான். அது சரி என்ற தலையாட்டலா, சும்மா ஆட்டினதா என்று அவளுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. ரேடியோ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சீருடையோடு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் யாரோ பெஞ்சிலிருந்து விழுந்த கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் உதட்டோரத்தால் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியவள் மகளை அடுப்படிக்குக் கூட்டிப் போய், வருகிறவர்களுக்கும் சேர்த்து ஐந்து டம்ளருக்கு ஸ்மூத்தி போடச் சொன்னாள். பால் முதலில், வாழை கடைசியில் என்று அடுக்கிக் கொடுத்தாள். நான் வந்து சொல்லுகிறவரை நிறுத்தாதே என்றாள்.

மிக்ஸி ஓடத் தொடங்கியது. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் வழக்கம்போல சிலேட்டை எடுத்தார். அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

“பேசுங்க. எனக்குக் கேக்கும்.”

அவர் முகம் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாயிற்று.

“அஞ்சு வாரமா அவன்கிட்ட பேசியிருக்கீங்க. என்கிட்ட பேச ஒரு வார்த்தை இல்லையா?”

மிக்ஸி உறுமிக்கொண்டிருந்தது. அவர் அவள் கையைப் பிடித்தார். உதடு பிரிந்தது, பல் பிரியவில்லை. கம்பிக்குள்ளிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

“உன்கிட்ட பேசினா... என்ன நடந்துச்சுன்னு கேப்பே. பொய் சொல்லணும். உன் மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வராது. எழுத வரும். அதான்.”

ஐந்து வாரமாக மனதுக்குள் இந்த மனிதரை எவ்வளவு திட்டியிருக்கிறாள்! பட்டன் அமுக்கத் தெரியாதவர், மறதிக்காரர், குடும்பத்தை நினைக்காதவர். அத்தனையையும் இவர் அந்தக் கட்டிலில் படுத்தபடி ஸ்ட்ராவால் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே கோபமும் வந்தது.

இனி லிஃப்டே தொட முடியாதாமே, அதற்கு என்ன பதில் என்று கேட்டாள். வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். எந்த வேலை என்றாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவள் வீடு இருந்த கட்டிடத்து லிஃப்டின் சத்தம் சரியில்லை என்று திறந்து பார்த்தவர் அவர்.

“அவன் நாலும் வந்துச்சுன்னான். நான் கைல வாங்கி எண்ணியிருக்கணும். நம்ம பையன்தானேன்னு விட்டேன். தப்பு எனக்கும் இருக்கு.”

“இருக்கட்டும். இருக்கிறதை மட்டும் எழுதுங்க. இல்லாததை எழுதாதீங்க. நாலு மணிக்கு அவன் வந்து அவன் பங்கைச் சொல்லுவான்.”

“வர மாட்டான்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “வர வேண்டாம்” என்றார்.

அவள் கதவைத் திறந்து, போதும் என்று மகளுக்குக் குரல் கொடுத்தாள். மிக்ஸி நின்றதும் அவர் சிலேட்டுக்காகக் கையை நீட்டினார்.

சரியாக நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பாதுகாப்பு அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. கட்டைக் குரல், கனமான பை. மிரட்டுகிற ஆளாக வருவார் என்று நினைத்திருந்த பெரியவளுக்கு அவருடைய நிதானமே பயத்தைக் கொடுத்தது. ரேடியோ நீட்டிய டம்ளரை வாங்கிப் பாதி குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, யார் போட்டது என்று விசாரித்தார். மெக்கானிக்கின் எடை, வலி, தூக்கம் எல்லாவற்றையும் கேட்டார். பேச முடியாது என்பது தெரியும், எழுதினால் போதும் என்று தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தார்.

பெரியவள் வாசலைப் பார்த்தாள். நாலு ஐந்து. நாலு எட்டு. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் எட்டிப் பார்த்தாள். எல்லாக் காலடிகளும் வேறு வீட்டுக்குப் போயின.

மெக்கானிக் எழுதினார். நிறுத்தி நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதினார். எட்டு வரிதான். தோளுக்குப் பின்னால் நின்று அவள் படித்தாள். கூரையில் ஏறியபோது ஸ்டாப் பட்டனை அமுக்க மறந்துவிட்டேன், இதற்கு நானே முழுப் பொறுப்பு. கையெழுத்துப் போடுவதற்காகப் பேனா கீழே இறங்கியது.

“அது பொய்” என்றாள் பெரியவள்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயதில் தன் தாவணியைப் பிடித்துக்கொண்டு நடந்த தம்பியின் முகம் கண்ணுக்குள் வந்தது. அதை விலக்கிவிட்டுச் சொன்னாள். துண்டு ஒயர் நாலு, பைக்குத் திரும்பியது மூன்று, மாட்டியது யார், பிடுங்கியது யார். தம்பியின் பேரையும் சொன்னாள்.

இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார்.

“இவர் சொன்னார்.”

“இவரால பேச முடியாதேம்மா.”

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் வாய் திறக்காவிட்டால் பெரியவள் பொய்க்காரி. திறந்தால் மைத்துனன் தொலைந்தான். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது என்று சற்றுமுன் சொன்னவர்தானே? பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

“பட்டனை அமுக்கினேன்” என்றார்.

ரேடியோதான் முதலில் அசைந்தாள். காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

“உனக்குப் பேச வருமாப்பா?”

அவர் அவளை நோக்கிக் கையை நீட்டினார். அவள் வரவில்லை. ஐந்து வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஊகித்த வார்த்தைகள் எல்லாம் அவள் முகத்தில் வந்து போயின. அவள் அழவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

அப்போதுதான் வாசலில் சின்னவன் நின்றான். வேர்த்து விறுவிறுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே வந்து அதிகாரியின் முன்னால் நின்று, ஒயரை மாட்டியதும் மறந்ததும் மறைத்ததும் தான்தான் என்று சொன்னான். யாரும் கேட்காமலே சொன்னான். அப்புறம் அக்கா பக்கம் திரும்பினான்.

“வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டு வர நேரமாயிடுச்சுக்கா. அவளுக்குத் தெரியாம இதைச் செய்ய மனசு வரல. பத்து நிமிஷம் பொறுத்திருக்கலாமே.”

குற்றம் சாட்டுகிற குரலாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அது வெறும் வருத்தமாக இருந்தது. பெரியவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அதை முழுவதும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இந்தத் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது என்றார். தவறு செய்தவர் தானாகவே முன்வந்து சொன்னாரா, பிறர் சொல்லித் தெரிய வந்ததா என்று அதில் குறிக்க வேண்டும். தானாகச் சொன்னவர் என்றால் ஆறு மாதம் கிடங்கு வேலை, மறுபடியும் பயிற்சி, மறுபடியும் பரீட்சை. பிறர் சொல்லித் தெரிந்தது என்றால் அன்றோடு வேலை முடிந்தது. மெக்கானிக் விஷயத்தில் இனி ரத்து என்ற பேச்சு இருக்காது என்றும் சொன்னார்.

அப்புறம் பேனாவைத் திறந்துகொண்டு, பெரியவளை நேராகப் பார்த்தார்.

“நான் இங்கதான் இருந்தேன். இருந்தாலும் உங்களைத்தான் கேக்கிறேன். மொதல்ல சொன்னது யாரு? நீங்க சொல்றதை எழுதிக்கிறேன்.”

அந்தக் கேள்வியில் இருந்த தயவு பெரியவளுக்குப் புரிந்தது. ஒரு கதவை அவர் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வருகிறாயா என்று கேட்கிறார். இல்லாததை எழுதாதீங்க என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் புருஷனிடம் சொன்ன வாய் இது. மெக்கானிக் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

“என் தம்பிதான்” என்றாள் பெரியவள். “அவனாத்தான் வந்து சொன்னான்.”

அதிகாரி தலையசைத்துவிட்டுக் குனிந்து, எழுதத் தொடங்கினார்.

“அம்மா,” என்றாள் சுவரோரம் நின்ற ரேடியோ, “நீதானே மொதல்ல சொன்னே?”

அதிகாரியின் பேனா நின்றது.